நெல்லும் வினையும்: காவிரிக் கழிமுகத்தின் ஒரு பழைய வழக்கு

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, சமணக் கொள்கைகளை விளக்கிச் சொல்லக் கும்பகோணத்திலேயே சமணர்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுத் தெளிந்து 1887இல் அந்நூலை வெளியிட்டார். மணிமேகலையைக் கையில் எடுத்தபோது நிலைமை வேறாக இருந்தது. திருவாவடுதுறை மடத்தின் நிழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு வளர்ந்தவர் அவர். அவருக்கு அந்நூலின் பௌத்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லச் சோழநாட்டில் பௌத்தர் எவரும் எஞ்சியிருக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து விளக்க, அந்த வழியாகவே வெளிச்சம் கிடைத்தது. 1898இல் மணிமேகலை அச்சேறியது. காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த ஒருத்தியின் கதையைக் காவிரிக் கரையிலேயே இருந்துகொண்டு புரிந்துகொள்வதற்கு ஐரோப்பியர் எழுதிய நூல்களைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

இலக்கிய வாசகர்கள் இச்செய்தியை அறிவார்கள். இதற்குப் பின்னால் இருக்கும் கேள்வியையே நாம் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். அவ்வளவு முழுமையாக அடங்கிப்போன அந்த விவாதம் எதைப் பற்றியது?

சுருங்கச் சொன்னால், இன்று கல்லூரிகளில் மெய்ப்பொருளியலின் முதற்பாடமாக வைக்கப்படும் நான்கு கேள்விகளைப் பற்றியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதன் பொருள் என்ன? காரணங்களின் தொடருக்கு அப்பால் கடவுள் தேவையா? நாம் செய்வதை நாமே செய்கிறோமா, அல்லது அது முன்பே விதிக்கப்பட்டதா? அறிகின்ற மனமும் அறிகின்ற உயிரும் ஒன்றா? பாடநூல்கள் இவற்றை அரிஸ்டாட்டிலில் தொடங்கி டேவிட் ஹியூம் வழியாகச் சொல்லித்தருகின்றன. அதில் பிழையில்லை. ஆனால் பூம்புகார், தருமபுரம், திருவாவடுதுறை, தரங்கம்பாடி ஆகிய ஊர்களை ஒரே நாளில் சுற்றிவந்துவிடலாம். முன்பு ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்திலும், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்திலும் அடங்கும் ஊர்கள் இவை. இந்தச் சிறு வட்டத்துக்குள் இந்நான்கு கேள்விகளும் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்காலம் எழுப்பப்பட்டு வந்திருக்கின்றன.

முதலில் பூம்புகார். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்ததத்தர் என்னும் சோழநாட்டுத் துறவி அங்கே தங்கி ‘அபிதம்மாவதாரம்’ என்னும் பாளி நூலை எழுதினார். உறையூரைச் சேர்ந்தவர் என்று அறியப்படும் இவர், கண்ணதாசர் என்பவர் கட்டிய விகாரையில் இருந்து அதை எழுதியதாகச் சொல்கிறார். தெளிந்த நீரோடும் ஆற்றையும் செல்வக் குடிகள் நிறைந்த நகரையும் மறவாமல் புகழ்கிறார். மற்றொரு நூலான ‘வினயவினிச்சய’த்தைக் காவிரிநாட்டுப் பூதமங்கலத்தில் எழுதினார். அது இன்றைய திருவாரூர்ப் பகுதியைச் சேர்ந்த ஊர் என ஆய்வாளர் கருதுவர். அப்போது ஆண்டவன் களப்பிர குலத்து அச்சுத விக்கந்தன். ‘இருண்ட காலம்’ என்று நம் பள்ளிப் பாடங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் காலம்தான் இது. அக்காலத்து அரசன் ஒருவனின் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு துறவியின் நூல்முடிவுரை என்பது எமக்குச் சிறிது வேடிக்கையாகவே படுகிறது. 1960களில் பல்லவனீச்சுரத்தில் நடந்த அகழாய்வில் செங்கல் விகாரை ஒன்றின் அடித்தளமும், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதமும் வெளிப்பட்டன.

‘அவதாரம்’ என்னும் சொல் இங்கே இறங்குதல் அல்லது உட்புகுதல் என்னும் பொருளில் வருகிறது. படித்துறையில் இறங்குவது போல அபிதம்மக் கடலில் இறங்குவதற்கான நூல் அது. இன்றைய பேச்சில் அறிமுகநூல் என்று சொல்லலாம். உள்ளவை அனைத்தையும் சித்தம், அதனோடு எழும் சேதசிகங்கள், உருவம், நிப்பானம் என நான்காக வகுத்துக்கொண்டு புத்ததத்தர் தொடங்குகிறார். சித்தங்களை 89 என எண்ணுகிறார். எண்ணிக்கை படிப்பவரைக் களைப்படையச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் ஒரு துணிவு இருக்கிறது. காண்பது ஒரு சித்தம், அதை ஏற்பது மற்றொன்று, ஆராய்வது இன்னொன்று. இவற்றையெல்லாம் உடையவர் என்று தனியே ஒருவர் அந்தப் பட்டியலில் இல்லை. மனத்தை முழுவதும் எண்ணி முடித்த பிறகும் ‘நான்’ என்பதற்கு ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை.

இந்தத் துணிவைப் புரிந்துகொள்ள நெல்லைப் பார்க்க வேண்டும். பௌத்தருடைய ‘சாலிஸ்தம்ப சூத்திரம்’ ஒரு நெற்பயிரை முன்வைத்துத்தான் காரண காரியத்தை விளக்குகிறது. சாலி என்பது நமக்குத் தெரிந்த சொல்லே. செந்நெல்லைக் குறிக்க நம் புலவர்கள் அதனைக் கையாண்டிருக்கிறார்கள். விதையிலிருந்து முளை, முளையிலிருந்து இலை, தண்டு, பூ, மணி. விதை இருந்தால் மட்டும் போதாது. மண், நீர், வெப்பம், காற்று, வெளி, பருவம் ஆறும் கூட வேண்டும். ஆனால் விதை ‘நான் முளையைத் தோற்றுவிக்கிறேன்’ என்று எண்ணுவதில்லை, நீர் ‘நான் நனைக்கிறேன்’ என்று எண்ணுவதில்லை. முளை தன்னால் ஆனதன்று, பிறரால் ஆனதன்று, ஈசுவரனால் ஆனதுமன்று என்று அந்தச் சூத்திரம் வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் வடமொழி மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளையும் பிற நூல்களில் எடுத்தாண்ட பகுதிகளையும் கொண்டே இன்று நாம் அதை அறிகிறோம். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

மணிமேகலை இதே கொள்கையைத் தமிழாக்கித் தந்தது. அதன் ஆசிரியர் சாத்தனார் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. பன்னிரு நிதானங்களுக்கு அவர் தரும் பெயர்கள் பேதைமை, ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என எளிய தமிழ்ச் சொற்களாக இருக்கின்றன. ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் சங்கிலி அது. அக்காப்பியத்தில் அடிக்கடி வரும் ‘ஏது நிகழ்ச்சி’ என்னும் தொடரையும் கவனிக்க வேண்டும். முற்பிறவியின் காரணம் பக்குவமடைந்து நிகழ்வாக வெளிப்படும் தறுவாயை அது சுட்டுகிறது. விதி என்று சொல்லிவிட்டுப் போகாமல், விளைச்சலைக் கணிக்கும் வணிகரைப் போல அவர் சொல்கிறார்.

அதே காப்பியத்தில் வஞ்சிமாநகரில் பத்துச் சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்கிறாள். அவர்களுள் பூதவாதியின் பேச்சு இன்றைய மூளையியல் விவாதங்களில் நுழைந்தாலும் அந்நியமாகத் தோன்றாது. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது மதுவின் களிப்பு பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது அழிகிறது என்கிறான். கண்ணால் காண்பதைத் தவிர வேறு அளவையை ஏற்க மறுக்கிறான். அவனிடம் மணிமேகலை திருப்பிக் கேட்கும் கேள்வி கூர்மையானது. அனுமானத்தை விட்டால் உன் தாயும் தந்தையும் இன்னார் என்பதை நீ எப்படி அறிவாய் என்கிறாள்.

இனி எதிர்த்தரப்பு. பௌத்தத்திடம் சைவம் கண்ட குறையை மிகச் சுருக்கமாகச் சொல்லியவர் தத்துவ நூலாசிரியர் அல்லர். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் காஞ்சியில் பௌத்தத் துறவியாக இருந்துகொண்டே யோசிக்கிறார். வினை, அதைச் செய்பவன், அதன் பயன், பயனைக் கொண்டுவந்து சேர்ப்பவன் என்று நான்கு இருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வருகிறார். பௌத்தத்தில் வினையும் பயனும் உண்டு. செய்பவனும் சேர்ப்பவனும் இல்லை. உயிர், கடவுள் என்னும் இரண்டு பெரும் பொருள்களும் இந்த இரண்டு வெற்றிடங்களில்தான் வந்து அமர்கின்றன. அந்தக் காவி உடையைக் களையாமலே அவர் சிவலிங்கத்தின்மேல் கல்லெறிந்து வழிபட்டார் என்பது கதை. தத்துவ நோக்கில் எமக்கு முக்கியமாகப் படுவது கல்லுக்கு முன்னால் அவர் போட்ட கணக்கு.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இக்கணக்கைப் பன்னிரண்டு சூத்திரங்களாக்கினார். சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் காரணத்தைப் பற்றியது. தோன்றி நின்று அழியும் இயல்புள்ள உலகிற்கு ஒரு கருத்தா வேண்டும். சைவர் காரணத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். இல்லாதது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்பது அவர்களுடைய சற்காரிய வாதம். முளை விதைக்குள் நுண்ணிதாக முன்பே இருந்தது; இல்லையேல் நெல்லை விதைத்தவன் எள்ளை அறுக்கலாகாதோ என்பது வாதத்தின் போக்கு.

குடமும் குயவனும் எல்லாரும் எடுத்தாண்ட உவமை. மெய்கண்டாரிடம் நம்மைத் தடுத்து நிறுத்துவது மற்றொன்று. விதை முளைப்பதற்கு ஈரமண் எப்படி ஆதாரமோ, அப்படியே இறைவன் உயிர்களின் வினைக்கு ஆதாரமாக நிற்கிறான் என்கிறார். குயவன் தன் விருப்பப்படி குடத்தை வனைகிறான். ஈரமண் எதையும் வனைவதில்லை; நெல்லை வரகாக மாற்றுவதில்லை. அது இல்லாமல் மட்டும் எதுவும் முளைப்பதில்லை. கடவுளை இவ்வளவு அடக்கமாகக் காரணமாக்கிய உவமை அரிது. ஆனால் இதே ஈரமண்ணைத்தான் பௌத்தர் ஆறு சார்புகளுள் ஒன்றாக எண்ணி, அது எதையும் எண்ணிச் செய்வதில்லை என்று ஒதுக்கினார்கள். அவர்கள் கண்ட அதே வயலையே சைவரும் கண்டார்கள். மண்ணுக்கு அறிவு உண்டா என்ற ஒரு கேள்வியில்தான் இருதரப்பும் பிரிந்தன. எம் கருத்தில், வயலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த இடத்தில் பௌத்தர் வாதமே வலுவானது. சைவர் வாதத்தின் வலு நெற்பயிரில் இல்லை; அறத்தில் இருக்கிறது. அறிவில்லாத வினை தான் சேரவேண்டிய ஆளை எப்படித் தேடிவந்து சேரும் என்பதே அவர்கள் விடாமல் கேட்ட கேள்வி.

அறம் என்றதும் விருப்பாற்றல் பற்றிய வழக்கு தொடங்குகிறது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு எடுத்த உவமை வேளாண் குடிகளுக்கு மட்டுமே இவ்வளவு இயல்பாகத் தோன்றியிருக்க முடியும். விளைந்த நெல் இந்த ஆண்டின் உணவாகிறது, அடுத்த ஆண்டின் விதையும் ஆகிறது. நாம் செய்யும் வினையும் அவ்வாறே என்கிறார். பிராரத்தம், ஆகாமியம் என்னும் சொற்களைப் படித்துக் குழம்பியவர்களுக்கு இந்த உவமை போதும். களத்துமேட்டில் வந்து விழுந்த நெல் கடந்த பருவத்தின் உழைப்பு. அதை மாற்ற முடியாது. அதில் எவ்வளவை உண்பது, எவ்வளவைக் கோட்டை கட்டி வைப்பது, எந்த நிலத்தில் இடுவது என்பதில் உழவனுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. மிகப் பெரிய இடமன்று. பசித்த ஆண்டில் விதைநெல்லையும் குத்தித் தின்ன நேர்ந்த குடிகளைக் கழிமுக மக்கள் அறிவார்கள். சுதந்திரம் என்பதை முழு உரிமையாகவும் முழு அடிமைத்தனமாகவும் காட்டாமல், கையிருப்பைப் பொறுத்ததாகக் காட்டியதுதான் இவ்வுவமையின் நேர்மை.

இந்தச் சிறு இடத்தையும் மறுத்தவர்கள் ஆசீவகர்கள். நூற்கண்டு உருண்டோடித் தன் நீளம்வரை அவிழ்வதுபோல ஒவ்வோர் உயிரும் தன் காலத்தைக் கழித்தே தீரவேண்டும். முயற்சி என்பது வெறும் தோற்றம் என்று அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் சொல்கிறார்கள். மணிமேகலையில் வரும் ஆசீவகன், பேறும் இழப்பும் பிறப்பும் இறப்பும் கருவிலேயே கலந்துவிடுகின்றன என்கிறான். எல்லாம் விதிப்படி என்றவர்கள் கடுந்தவமும் செய்தார்கள். அம்முரண் அவர்களுக்கு முரணாகத் தோன்றாத காரணத்தை அவர்கள் வாயிலாகவே கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. வட இந்தியாவில் மறைந்த பின்னும் அவர்கள் தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘ஆசுவ கடமை’ என்பதை அவர்கள்மீது விதித்த வரி என்றே பல ஆய்வாளர் கொள்வர். 1951இல் ஏ.எல்.பாஷாம் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது, தென்னாட்டு ஆசீவகரின் கொள்கைக்கு அவருக்கு அடிப்படையாக நின்றவை மூன்று தமிழ் நூல்கள்: பௌத்த மணிமேகலை, சமண நீலகேசி, சைவ சித்தியார். மூன்றும் எதிரிகளின் நூல்கள்.

மனத்தைப் பற்றிய வழக்கு நான்கிலும் நுட்பமானது. மெய்கண்டாரின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் முதலாவது, மறுப்பவனையே சாட்சியாக்குகிறது. உடல் நானல்ல, பொறி நானல்ல, எதுவும் நானல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கி ‘இல்லை’ என்று முடிக்கிறாயே, அப்படி விலக்கிக்கொண்டே வந்த அறிவு எது என்கிறார். 1641இல் தெக்கார்த்து தன் தியானங்களை வெளியிட்டபோது ஐயத்தின் வழியாக இதற்கு மிக அருகில் வந்தார். ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் தவறவிடக் கூடாது. தெக்கார்த்துக்கு மனமும் ஆன்மாவும் ஒன்று. அதற்கு எதிரே உடல் நிற்கிறது. சித்தாந்தத்தில் மனம் உடலின் பக்கத்தில் நிற்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள்கள்; அமைச்சர்கள் அரசனுக்குப் போல உயிருக்கு உதவுபவை. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்னும் ஐந்து நிலைகளில் அந்த அமைச்சர்கள் ஒவ்வொருவராக விடைபெறும்போதும் அரசன் இருந்துகொண்டிருக்கிறான். மூளையை ஆராய்ந்து மனத்தை விளக்கிவிட்டோம் என்று இன்று ஒருவர் சொன்னால் சித்தாந்திக்கு அதிர்ச்சி ஏதும் இராது. மனம் சடம் என்றுதானே அவரும் சொன்னார்! தொல்லை தெக்கார்த்தின் மாணவருக்குத்தான்.

இந்த அரசனைத்தான் புத்ததத்தர் தம் 89 சித்தங்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. கணந்தோறும் சித்தம் அழியுமானால் நேற்று விதைத்தவன் வேறு, இன்று அறுப்பவன் வேறு ஆகாதா என்பது சைவரின் கேள்வி. பௌத்தர் தம் நூல்களில் தரும் பதில் தொடர்ச்சி என்பதே. இந்தப் போகத்து நெல் சென்ற போகத்து நெல் அன்று. அதற்குத் தொடர்பற்ற வேறொன்றும் அன்று. அயலான் வயலில் இட்ட விதை நம் வயலில் முளைப்பதில்லை என்பதற்கு, மண்ணுக்குள் ஓர் ஆன்மாவைத் தேட வேண்டியதில்லை.

இவ்விரு தரப்பும் நேருக்கு நேர் மோதும் நூல் இருக்கிறதா? இருக்கிறது. சித்தியாரின் முற்பகுதியான பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கி பாஞ்சராத்திரி வரை பதினான்கு மதத்தாரின் கொள்கைகள் வரிசையாக வருகின்றன. முதலில் அவரவர் மதம், பின்னர் அதன் மறுதலை. பிறன் சொல்வதை முழுதாகச் சொல்லிவிட்டே மறுக்க வேண்டும் என்னும் ஒழுங்கு அது. மெய்ப்பொருளியலைத் தமிழில் தொடங்க விரும்புவோருக்கு நாம் எப்போதும் இந்தப் பகுதியையே பரிந்துரைப்போம். சுபக்கத்தைவிட இதில் வாதத்தின் துடிப்பு அதிகம். தமிழ்ப் பௌத்த நூலான ‘சித்தாந்தத் தொகை’ தொலைந்துபோனது; பரபக்கத்திற்கு எழுந்த உரையில் மேற்கோளாக வந்ததனால்தான் அதன் பெயரும் சில பகுதிகளும் தப்பின. குண்டலகேசி தொலைந்தது, அதை மறுக்க எழுந்த சமண நீலகேசியும் அதன் உரையும் தாம் அதன் வாதங்களை இன்றுவரை சுமந்து வந்திருக்கின்றன. மறுத்தவர்கள் காப்பாற்றினார்கள் என்று நன்றியுடன் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நன்றியோடு ஒரு சந்தேகமும் எழுகிறது. பரபக்கத்தில் வரும் பௌத்தர் நால்வர்: சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன். பௌத்தத்தை இந்த நான்காகப் பகுப்பது வடமொழித் தத்துவத் தொகைநூல்களின் வழக்கம். புத்ததத்தர் இந்நால்வரில் எவரும் அல்லர். அவர் இலங்கை மகாவிகாரை மரபைச் சார்ந்த தேரவாதி. அவர் காலம் அருணந்தியாருக்கு எண்ணூறு ஆண்டு முந்தையது, மறந்துபோயிருக்கலாம் என்றும் சொல்வதற்கில்லை. ‘மோகவிச்சேதனி’ என்னும் அபிதம்ம நூலை எழுதிய கஸ்ஸபர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சோழநாட்டிலேயே வாழ்ந்தவர். சோழியர் என்றே பாளி உலகம் அவரை அடையாளம் காட்டுகிறது. நாகப்பட்டினத்தில் சீவிசய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்ததைச் செப்பேடு சொல்கிறது. தமிழ்ப் பௌத்தர் எல்லாரும் தேரவாதியர் அல்லர். மணிமேகலையின் அளவைப் பகுதி திக்நாகர் மரபைச் சார்ந்தது. ஆயினும் பாளியில் எழுதிக்கொண்டிருந்த அண்டை வீட்டுத் துறவிக்குப் பரபக்கத்தில் நாற்காலி இல்லை. காவிரிக் கரையில் எழுந்த அவருடைய வாதம் வடமொழி நூல்களின் பௌத்தனுக்குக் கொடுத்த மறுப்பில் கரைந்துவிட்டது.

தற்செயலாக இந்த ஒரு தரப்புக்கு மட்டும் நம்மிடம் சொந்த வாக்குமூலம் இருக்கிறது. இலங்கையின் விகாரைகள் புத்ததத்தரையும் கஸ்ஸபரையும் படியெடுத்துக் காத்தன. அதனால்தான் இந்த இடைவெளியை நாம் காண முடிகிறது. ஆசீவகருக்கு அப்படி ஓர் இலங்கை வாய்க்கவில்லை. மூன்று எதிரிகளின் நூல்களில் நாம் காணும் ஆசீவகன் எவ்வளவு உண்மையானவன் என்பதற்கு, பௌத்தர் வழக்கில் கண்ட இந்த இடைவெளியே நம்மிடம் உள்ள ஒரே அளவுகோல். எம்மைப் பொறுத்தவரை ‘விதிவாதி’ என்னும் ஒற்றைச் சொல்லால் அவர்களை முடித்துவிட இனி மனம் ஒப்பாது.

எதிரிகள் மறைந்தபின் வழக்கு மடங்களுக்குள் திரும்பியது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர், முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகும் என்று கொண்ட யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசரின் உரையை மறுத்து ‘சிவசமவாத உரை மறுப்பு’ எழுதினார். ‘எடுத்து’ என்னும் ஒரே சொல்லைக் காப்பதற்காக ‘வைரக்குப்பாயம்’ என்று ஒரு நூலையே செய்தவர் அவர். சிவஞான மாபாடியத்தின் பெருமையைக் குறைக்காமலே இதைச் சொல்லலாம்: ஒரே மதத்தாரிடையே நடக்கும் வாதத்தில் கூர்மை ஏறுகிறது, அகலம் குறைகிறது.

அகலம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். மதம் மாற்ற வந்தவர்தாம். ஆனால் கேட்கத் தெரிந்தவர். கடவுள், உயிர், பாவம், மறுபிறப்பு முதலியவை பற்றி வினாக்கள் எழுதித் தமிழரிடமிருந்து பதில்களைக் கடிதங்களாகப் பெற்றார். 1712 முதல் 1714 வரை சேர்ந்த அக்கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் ‘மலபாரியக் கடிதங்கள்’ என அச்சாயின. தமிழரிடம் உயிரையும் பாவத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த இயக்கத்தின் தலைமையிடமான அதே ஹாலேயில், 1723இல் கிறித்தியான் வோல்ஃப் என்னும் தத்துவப் பேராசிரியர் 48 மணி நேரத்திற்குள் வெளியேற வேண்டும், இல்லையேல் தூக்கு என்று பிரஷ்ய அரசனால் துரத்தப்பட்டார். அவருடைய காரணக் கொள்கையை ஏற்றால் படையிலிருந்து ஓடிப்போகும் சிப்பாயைத் தண்டிக்க முடியாது, ஓடவேண்டும் என்பது அவன் விதி ஆகிவிடும் என்று அரசனிடம் சொன்னார்களாம். சொன்னவர்கள் அவ்வியக்கத்தைச் சேர்ந்த இறையியலார். ஆசீவகரிடம் சைவரும் சமணரும் பௌத்தரும் கேட்ட அதே கேள்வி, இம்முறை தூக்குக் கயிற்றோடு கேட்கப்பட்டது.

தரங்கம்பாடித் தமிழர்கள் எழுதிய கடிதங்களின் தமிழ் மூலம் இன்று கிடைக்கவில்லை. சீகன்பால்கும் அவருடைய தோழரும் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பும், மறுப்புத் தொனியில் அவற்றுக்கு அவர்கள் சேர்த்த குறிப்புகளுமே எஞ்சியுள்ளன. ‘வினை’ என்று அவர்கள் எழுதிய இடமெது, ‘விதி’ என்று எழுதிய இடமெது என்பதை ஜெர்மன் சொற்களிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.